மாறா வெப்பநிலையில்

அந்த ஜன்னலை மூடாதீங்க. காத்து வரட்டும். எனக்கு வேர்த்து ஊத்துது, பாருங்க, முந்தானையே நனைஞ்சு போச்சு. என்னது, குளிருதா? மார்கழிப் பனியா? எனக்கு ஒண்ணும் குளிரல. பஸ் ஸ்டாண்டுல ஒரு டீ குடிச்சேன், அந்த டீதான். என்னத்தப் போட்டுக் கொதிக்க வச்சானோ, வண்டில ஏறுனதுல இருந்து வயித்தைக் கலக்குது. இந்த வண்டி வாடிப்பட்டில நிக்கும்ல? நின்னா ஒரு அஞ்சு நிமிஷம் இறங்கிட்டு வரணும். கண்டக்டர்கிட்டக் கேட்டேன், காதுலயே வாங்காமப் போறான்.

நான் டீச்சருங்க. பதினேழு வருஷமா பத்தாம் வகுப்புக்கு அறிவியல். திண்டுக்கல்ல எங்க பள்ளிக்கூடத்துப் பக்கம் போய் ஜெயக்கொடி டீச்சர்னு கேட்டுப் பாருங்க, யாரும் சொல்லுவாங்க. என்ன சொல்லுவாங்கன்னு கேக்காதீங்க. படிக்காத பிள்ளைக ஆயிரம் சொல்லும்.

ஞாயித்துக்கிழமையும் அதுவுமா கைடும் கையுமா எங்க போறீங்கன்னு கேட்டீங்களே, பரீட்சை எழுதப் போறேன். சிரிக்காதீங்க. சிரிக்கலையா? சரி. எம்மகன் சிரிச்சான், அதான் கேட்டேன். தகுதித் தேர்வாம். பதினேழு வருஷம் கழிச்சு எனக்குத் தகுதி இருக்கா இல்லையான்னு பாக்கப் போறாங்களாம். எங்க கரஸ்பாண்டன்ட் கூப்பிட்டு, "டீச்சர், ஏப்ரலுக்குள்ள பாஸ் பண்ணிருங்க, இல்லன்னா எனக்கு வேற வழி இல்ல"ங்குறார். வேற வழி இல்லையாம்! அவரு வீட்டுப் பிள்ளைக ரெண்டுக்கும் சயின்ஸ் சொல்லிக் குடுத்தது யாரு? நானு. அன்னைக்கு எந்தத் தகுதியப் பாத்து எங்கிட்ட அனுப்புனார்?

போன தடவையும் எழுதுனேன். நாலு மார்க்குல போச்சு. அது நான் தப்பா எழுதி இல்ல. மூணு கேள்வி பாடத்திட்டத்துலயே இல்ல. பக்கத்துல ஒரு பொண்ணு உக்காந்துக்கிட்டு பேனாவ டக்கு டக்குன்னு அமுக்கிக்கிட்டே இருந்தா, எப்படிப் படிக்க முடியும், எப்படி யோசிக்க முடியும்? கண்ணாடி வேற ஆவி படிஞ்ச மாதிரி மங்கலாப் போச்சு. கண் டாக்டர்கிட்டப் போனேன். பவர் அப்படியேதான் இருக்குங்குறார். அவருக்கு என்ன தெரியும்.

இந்தத் தடவை போச்சுன்னா வேலை போச்சு. அவ்வளவுதான். வீட்டுக்காரருக்கு மில்லுல வேலை இல்லாமப் போய் ஒரு வருஷமாச்சு. சரி, அதைப் பேச வேணாம்.

எல்லாம் ஒருத்தியால வந்தது. சின்னாளபட்டிப் பிரிவு வருது பாருங்க, அவளுக்கு இந்த ஊருதான். இதக் கடந்து போறப்பல்லாம் எனக்குக் கொதிக்குது. மதுநிஷா. பேரப் பாருங்க. ரெட்டைச் சடை, இத்தனூண்டு உடம்பு, பேசுனாச் சத்தமே வராது. அந்தப் பூனையாட்டம் இருந்த பிள்ளைதான் என் மானத்தைக் கப்பலேத்துனா.

உங்க மகளும் பத்தாவதா? அப்ப நான் சொல்றதை நல்லாக் காதுல வாங்கிக்கங்க. உங்களுக்கும் உபயோகப்படும்.

என் வகுப்புல ஒரு வழக்கம் உண்டு. மணி அடிச்சு நான் உள்ள நுழைஞ்சதும் வணக்கம் சொல்ல எந்திரிப்பாங்கல்ல, யாரும் உக்காரக் கூடாது. நின்னாப்புலயே இருக்கணும். நான் வரிசையாக் கேள்வி கேப்பேன். பதில் சொன்னவங்க உக்காரலாம். சொல்லாதவங்க நிக்கணும். "தெரிஞ்சாச் சொல்லு, தெரியலன்னா நில்லு." இவ்வளவுதான் என் சட்டம். அடிக்கிறது இல்ல, திட்டுறது இல்ல. சரி, திட்டுறது கொஞ்சம் உண்டு. ஆனா அடிச்சதே இல்ல. சொல்லிட்டு உக்காரு. இதுல என்னங்க கொடுமை இருக்கு? பிள்ளைக்குச் சூடு சொரணை வரணும்ல. பக்கத்துல இருக்குறவ உக்காந்துட்டா, நாம இன்னும் நிக்கிறோமேன்னு உறைக்கணும்ல. அதுக்கு அப்புறம் எல்லாரும் சேந்து "என்னால் முடியும், என்னால் முடியும்"னு உரக்கச் சொல்லணும். நிக்கிறவங்களும் சொல்லணும். அது தன்னம்பிக்கைக்கு. நானாக் கண்டுபிடிச்சதுதான்.

முதல் கேள்வி எப்பவும் ஓம் விதி. பதினேழு வருஷமா அதான் முதல் கேள்வி. என்கிட்டப் படிச்ச பிள்ளைகளைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லும். "மாறா வெப்பநிலையில்"னு ஆரம்பிக்கணும், "நேர்த்தகவு"ன்னு முடிக்கணும். நடுவுல ஒரு சொல்லு மாறக் கூடாது. மாறுனா மார்க்கு போயிரும். நான் நாளைக்குத் திருத்தப் போறேனா? எவனோ ஒருத்தன் எங்கயோ உக்காந்து திருத்துவான். அவனுக்குப் புத்தகத்துல இருக்குறதுதான் வேணும்.

இந்த மதுநிஷா இருக்காளே, ஜூன்ல இருந்து நின்னா. தினமும் நின்னா. கேட்டா, "தெரியும் மிஸ். ஒரு நிமிஷம் குடுங்க மிஸ்"ம்பா. என்ன ஒரு நிமிஷம்? எதுக்கு ஒரு நிமிஷம்? வாயில என்ன கொழுக்கட்டையா இருக்கு, முழுங்கிட்டுச் சொல்றதுக்கு? தெரிஞ்சாச் சொல்ல வேண்டியதுதானே? உதடு அசையும். சத்தம் வராது. கை ரெண்டும் பாவாடையப் புடிச்சுத் திருகிக்கிட்டே இருக்கும். எனக்கு அதைப் பாத்தாலே எரிச்சலா வரும்.

ஒரே ஒரு நாள் வாயத் திறந்தா. என்ன சொன்னா தெரியுமா? "வோல்ட்டைக் கூட்டுனாக் கரண்டும் அதே மடங்குல கூடும் மிஸ். ஒயர் சூடாகாம இருக்கணும், அவ்வளவுதான்." அவ்வளவுதானாம்! ஓம் விதிய, அவ்வளவுதாங்குறா. கடைக்குப் போய் வெங்காயம் வாங்கிட்டு வந்த கணக்கா. வகுப்பே சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன். பின்ன என்ன செய்யிறது? புத்தகத்துல ஒயர்னு போட்டுருக்கா? கடத்தின்னு போட்டுருக்கு. "நில்லுடி"ன்னேன். அதுக்கப்புறம் அவ வாயவே திறக்கல. அழுத்தம். அத்தனையும் அழுத்தம்.

பயம்னு சொல்றீங்களா? நீங்களும் அப்படித்தான் சொல்றீங்களா? போங்க. எங்க பள்ளிக்கூடத்துக்கு ஒரு சின்னப் பொண்ணு வந்துச்சு, மனநல ஆலோசகராம். ஸ்டாஃப் ரூமுல எங்களை எல்லாம் உக்கார வச்சுப் பாடம் எடுத்துச்சு. பரீட்சைப் பயம் வந்தாக் கை நடுங்குமாம், வேர்க்குமாம், வயித்தைக் கலக்குமாம், கண்ணு மங்குமாம், படிச்சது அத்தனையும் மறந்து போகுமாம். நான் எந்திரிச்சே கேட்டேன், "ஏம்மா, படிச்சிருந்தா எப்படிம்மா மறக்கும்? படிக்காதவளுக்கு ஒரு சாக்கு வேணும், அதுக்கு நீங்க ஒரு பேரு வச்சுக் குடுக்குறீங்களா"ன்னு. அந்தப் பொண்ணு சிரிச்சுச்சு. அதுக்குப் பதில் தெரியல, அதான் சிரிச்சுச்சு. நிக்க வச்சிருப்பேன், ஸ்டாஃப் ரூமாப் போச்சு.

இந்தக் கைடக் கொஞ்சம் புடிங்க. வேணாம், குடுங்க, நானே வச்சுக்கிறேன். கை நடுங்கல, பஸ்ஸு குலுங்குதுல்ல, அதான். நின்னுதானே இருக்குன்னா? இஞ்சின் ஓடுதுல்ல, அந்த அதிர்வு.

ஹால் டிக்கெட்ட எங்க வச்சேன்? இந்தா இருக்கு. இருக்கு. ஏறுனதுல இருந்து இதைப் பாத்துக்கிட்டே இருக்கேன்னு நினைக்காதீங்க. பத்திரமா இருக்கணும்ல.

என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்? ஆங். போன வருஷம் கார்த்திகை மாசம், பள்ளிக்கூடத்துக்கு அங்கீகாரம் புதுப்பிக்கணும்னு ஆய்வுக்கு வந்தாங்க. ஒரு அதிகாரி, நல்ல உயரம், மெதுவாப் பேசுற ஆளு. கரஸ்பாண்டன்ட் முன்னாடி, ஹெச்செம் பின்னாடி, நடுவுல அவரு. எங்க கரஸ்பாண்டன்ட் நேரா எங்க கூட்டிட்டு வர்றார்? என் வகுப்புக்கு. ஏன்? என் வகுப்புல ஊசி விழுந்தாச் சத்தம் கேக்கும். பெருமைக்குக் காட்டுறதுக்கு அதான் வகுப்பு.

அவரு வந்த நேரம், நான் கேள்வி கேட்டுக்கிட்டு இருக்கேன். எல்லாரும் சொல்லிட்டு உக்காந்துட்டாங்க. அவ ஒருத்தி நிக்கிறா. அவரு பாத்தார். "அந்தப் பிள்ளை ஏன் நிக்குது?"ன்னார். நான் என்ன செஞ்சிருக்கணும்? தலைவலின்னு சொல்லி உக்கார வச்சிருக்கலாம். எனக்கு அந்த மாதிரிப் பொய் வராது. "ஓம் விதி கேட்டேன் சார், சொல்லல, நிக்கிறா"ன்னேன். அவரு கிட்டப் போய், "சொல்லும்மா, பயப்படாத"ங்குறார். அவ என்னையப் பாக்குறா. நான் நல்லாத்தான் பாத்தேன். கண்ணால ஜாடை காட்டுனேன், "சொல்லுடி, சொல்லித் தொலைடி, கரஸ்பாண்டன்ட் நிக்கிறாரு"ன்னு. அவ உதட்ட அசைக்கிறா. "தெரியும் சார். ஒரு நிமிஷம்..." அவ்வளவுதான். கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நிக்குது. கரஸ்பாண்டன்ட் மூஞ்சி சுண்டிப் போச்சு. எனக்குத் தரை பிளந்து உள்ள போயிரலாம் போல இருந்துச்சு.

அதோட விட்டாரா அந்த மனுஷன்? "லேபைப் பாக்கலாமா?"ன்னார். லேபு எதுக்குங்க? சாவி எங்கன்னே யாருக்கும் தெரியல. ப்யூன் ஓடி, ஆபீஸ்ல தேடி, கடைசில என் மேஜை டிராயருலயே கிடந்துச்சு. செய்முறைத் தேர்வு சமயத்துல திறப்போம், மத்த நாள்ல எதுக்குத் திறக்கணும்? திறந்தா உடைப்பாங்க. உடைச்சா யாரு கட்டுறது? லேபுல விளையாடுனா மார்க்கா வருது? அவரு போறப்ப அவளைத் திரும்பிப் பாத்து, "நீயும் வாம்மா"ன்னுட்டார். நான் "அவ நிக்கட்டும் சார்"னு சொன்னேன். "பரவாயில்ல, அங்க வந்து நிக்கட்டும்"னார்.

உள்ள ஒரே தூசி. பெட்டில பேட்டரியும் அம்மீட்டரும் ஒயரும் கிடந்துச்சு. அவரு அதைக் காட்டி, "இதெல்லாம் என்னம்மா?"ன்னு கேட்டார். சும்மாதான் கேட்டார். அவ குனிஞ்சா. பாவாடை நுனியால தூசியத் துடைச்சா. ஒயரை எடுத்தா. பல்லால கடிச்சு நுனியச் சீவுனா. ஒண்ணோட ஒண்ணைச் சேத்தா. நாங்க எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கிறோம், அவ பாட்டுக்குத் தரையில உக்காந்துட்டா! யாரும் உக்காரச் சொல்லல. அம்மீட்டர் முள்ளு எந்திரிச்சுச்சு. "இந்தா பாருங்க சார், ஒரு பேட்டரிக்கு இவ்வளவு காட்டுது. ரெண்டு போட்டா ரெண்டு மடங்கு. மூணு போட்டா மூணு மடங்கு. ரொம்ப நேரம் விட்டா ஒயரு சூடாயிரும், அப்ப கணக்கு மாறும், அதனால டக்குன்னு எடுத்துரணும் சார்." கடகடன்னு பேசுறா. ஆறு மாசமா வராத சத்தம் எங்க இருந்துங்க வந்துச்சு? அந்த அதிகாரி வேட்டியா பேண்டான்னு கூடப் பாக்காம அவ பக்கத்துல தரையில உக்காந்துட்டார். "யாரும்மா சொல்லிக் குடுத்தா?"ங்குறார். நான் இருக்கேன் எதுக்க! "புத்தகத்துல படம் போட்டுருக்கு சார்"ங்குறா. என் பேரு வாயில வரல.

அப்பத்தான் அவரு கேட்டார். "இவ்வளவு தெரிஞ்ச பிள்ளை, அங்க ஏம்மா சொல்லல?"

அவ எந்திரிச்சா. திரும்ப அந்தப் பாவாடையத் திருக ஆரம்பிச்சா. என்னையப் பாத்தா. பாத்துட்டு, "அங்க நிக்கும்போது எதுவுமே ஞாபகம் வராது சார். இங்க கையில வேலை இருந்துச்சு"ன்னா.

எப்படிப் போட்டுக் குடுத்தா பாத்தீங்களா? பதமா, பவ்யமா, கரஸ்பாண்டன்ட் முன்னாடி வச்சு. இதுக்குப் பேரு பயமா? பயந்த பிள்ளை இப்படிப் பேசுமா? அன்னைக்கே தெரிஞ்சுக்கிட்டேன், அத்தனையும் நடிப்பு. வகுப்புல என்னைய அவமானப்படுத்தணும்னே வாயத் திறக்காம இருந்திருக்கா.

அன்னைக்குச் சாயங்காலமே கரஸ்பாண்டன்ட் கூப்பிட்டார். "இனிமே யாரையும் நிக்க வைக்காதீங்க டீச்சர்." சரின்னேன். நான் சொன்ன பேச்சுக் கேக்குறவ. மறுநாள் யாரையும் நிக்க வைக்கல. எல்லாரும் உக்காருங்கன்னுட்டேன். உக்காந்து கையத் தூக்குங்க, பதில் சொன்னவங்க கைய இறக்கலாம்னேன். அதுக்கும் யாரோ போய்ச் சொல்லிக் குடுத்துட்டாங்க. அப்புறம் என்னதான் செய்யச் சொல்றாங்க? பிள்ளைகளைக் கொஞ்சச் சொல்றாங்களா?

தண்ணியா? குடுங்க. இல்ல, வேணாம், தண்ணி குடிச்சா இன்னும் கலக்கும். கொடைரோடு தாண்டிருச்சா? அதுக்குள்ளயா? இவன் ஏன் இப்படி விரட்டுறான்? மெதுவாப் போனா என்ன?

சரி, கதைக்கு வர்றேன். திருப்புதல் தேர்வு நான்தான் வச்சேன், நான்தான் ஹால்ல நின்னேன். அவளுக்கு முப்பத்தெட்டு. அவ அம்மாவைக் கூப்பிட்டு விட்டேன். நூல் மில்லுல வேலை பாக்குற பொம்பள, பஞ்சு ஒட்டுன தலையோட வந்து நின்னுச்சு. "அறிவியல் உங்க மகளுக்கு வராதும்மா, பதினொண்ணுல காமர்ஸ் போட்டுருங்க"ன்னேன். நல்லதுக்குத்தானே சொன்னேன்? அந்தம்மா, "அவளுக்கு நர்ஸுக்குப் படிக்கணும்னு ஆசை டீச்சர். வீட்டுல எல்லாத்தையும் எனக்குச் சொல்லிக் குடுப்பா டீச்சர், கொதிக்கிற உலையக் காட்டிக்கூடப் பாடம் சொல்லுவா"ங்குது. "உலையக் காட்டி மார்க்கு வாங்க முடியாதும்மா"ன்னு சொல்லிட்டேன். அந்தப் பிள்ளை அம்மா முந்தானைக்குப் பின்னால நின்னு தரையப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. வாயத் திறந்து, "இல்ல மிஸ், நான் படிப்பேன்"னு ஒரு வார்த்தை சொன்னாளா? சொல்லலையே.

பொதுத் தேர்வுக்கு முந்தின நாள் தேடி வந்தா. ஸ்டாஃப் ரூம் வாசல்ல நின்னுக்கிட்டு, "மிஸ், நாளைக்குப் பரீட்சை ஹால்ல நீங்க இருப்பீங்களா?"ன்னா. எனக்கே மனசு இளகிருச்சுங்க. என்னதான் இருந்தாலும், நான் கூட இருந்தாத்தான் அவளுக்குத் தைரியம். "இல்லடி, நாங்க யாரும் வர முடியாது, வேற ஸ்கூல் டீச்சருதான் வருவாங்க"ன்னேன். பாவம், அப்படியே நெஞ்சுல கையை வச்சு ஒரு பெருமூச்சு விட்டா. ஏமாத்தம். "என்னால் முடியும்னு சொல்லிட்டுப் போ"ன்னு அனுப்பி வச்சேன்.

ரிசல்ட் வந்துச்சு. எவ்வளவு தெரியுமா? அறிவியல்ல தொண்ணூத்தொண்ணு.

என்கிட்ட முப்பத்தெட்டு, அங்க தொண்ணூத்தொண்ணு! நீங்களே சொல்லுங்க, இது துரோகமா இல்லையா? தெரிஞ்சுக்கிட்டே என்கிட்டச் சொல்லாம இருந்திருக்கா. ஹெச்செம்மு சொல்றாங்க, "உங்க பாடத்துல நல்ல ரிசல்ட் வந்திருக்கே டீச்சர், சந்தோஷப்படுங்க"ன்னு. எப்படிங்க சந்தோஷப்படுறது? யாரோ முகம் தெரியாத ஒருத்தர் கேட்ட கேள்விக்கு அத்தனை பதிலும் எழுதியிருக்கா. தினமும் எதுக்க நின்னு கேட்ட எனக்கு ஒரு பதில் கிடையாது. வயிறு எரியுமா எரியாதா?

சாக்லேட்டோட வந்தா. எல்லா டீச்சருக்கும் குடுத்துட்டுக் கடைசியா என்கிட்ட வந்தா. வேற ஸ்கூல்ல முதல் குரூப்பு எடுத்திருக்காளாம், அங்க லேபு தினமும் திறந்திருக்குமாம். நான் கேட்டுட்டேன். "ஏன்டி, என்கிட்ட ஏன்டி நடிச்சே?"ன்னு நேராக் கேட்டுட்டேன். அவளுக்குக் கண்ணு கலங்குச்சு. சரி போகட்டும், பாஸான பிள்ளைன்னு நாற்காலிய இழுத்துப் போட்டு, "உக்காருடி"ன்னேன். உக்கார மாட்டேன்னுட்டா. எத்தனை தடவை சொன்னாலும் உக்கார மாட்டேங்குறா. சாக்லேட்ட மேஜைல வச்சுட்டு, பின்பக்கமாவே நடந்து போயிட்டா. இன்னமும் என் முன்னால உக்காராது அந்தப் பிள்ளை. அந்த மரியாதை மட்டும் இருக்கு. அதை நான் மறைக்க மாட்டேன்.

ஆனா கரஸ்பாண்டன்ட் மனசுல அன்னைக்கு விழுந்தது விழுந்ததுதான். அந்த அதிகாரி என்னத்த எழுதிட்டுப் போனாரோ, அதுக்கப்புறந்தான் இந்தத் தகுதித் தேர்வு, கெடு எல்லாம். மத்த டீச்சருங்களையும் எழுதச் சொல்லியிருக்கார், இல்லன்னு சொல்லல. அவங்க எல்லாம் போன தடவையே பாஸாகிட்டாங்க. காப்பியடிச்சிருப்பாங்க. நேத்து வந்த சின்னஞ்சிறுசுக. ஒருத்திகூட என்னை மாதிரி புத்தகத்தை வரி மாறாமச் சொல்லுவாளா?

வாடிப்பட்டி போயிருச்சா! நிக்கவே இல்லையே! ஏங்க, சொல்லக் கூடாதா? சொன்னீங்களா? எப்ப சொன்னீங்க? எனக்குக் கேக்கல. காது அடைச்சுக்கிட்டு இருக்கு, இந்தக் காத்துனால. சமயநல்லூருல நிப்பான்ல? விடுங்க. அடக்கிக்கலாம்.

எனக்குப் பயம்லாம் ஒண்ணும் இல்ல. நீங்க ஏன் அப்படிப் பாக்குறீங்க? என் கையப் பிடிக்காதீங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. நான் என்ன மதுநிஷாவா? எல்லாமே தண்ணி பட்ட பாடு எனக்கு. வேணும்னா நீங்களே கேட்டுப் பாருங்க. இந்தாங்க கைடு. எந்தப் பக்கத்துல வேணும்னாலும் கேளுங்க. டக்குனு சொல்றேன்.

கண்ணாடி கொண்டு வரலையா? அப்ப மனசுல தோணுறதைக் கேளுங்க.

ஓம் விதியா? அட, நல்லாக் கேட்டீங்க போங்க. இவ்வளவு நேரம் சொல்லிக்கிட்டு வந்தியே, அது என்னதான்னு தெரிஞ்சுக்கிடலாம்னு கேக்குறீங்களா? மகளுக்கும் சொல்லலாம்னா? தாராளமாச் சொல்லுங்க. எழுதிக்கங்க. பதினேழு வருஷமாச் சொல்றது.

மாறா வெப்பநிலையில்...

மாறா வெப்பநிலையில், கடத்தி ஒன்றின் வழியே...

வழியே பாயும்...

இருங்க. திடுதிப்புன்னு கேட்டா? மாறா வெப்பநிலையில், கடத்தி ஒன்றின்... இந்த ஹாரன் சத்தத்துல எவளுக்கு வரும்? ஏய், அந்த ஹாரனைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்களேன்! மாறா வெப்பநிலையில்...

நீங்க என் மூஞ்சியவே பாக்காதீங்க. அங்கிட்டுத் திரும்புங்க.

என்னது? "வோல்ட்டைக் கூட்டுனாக் கரண்டும் அதே மடங்குல கூடும், ஒயர் சூடாகாம இருக்கணும், அவ்வளவுதானே?"ங்குறீங்களா? அதை உங்களுக்கு யாரு சொன்னா? நான்தான் சொன்னேனா? அது அவ சொன்னதுங்க! அது பதில் இல்ல. புரியுதுன்னு நீங்க சொன்னாப் போதுமா? புத்தகத்துல அப்படி இல்ல. நீங்க எடுத்துக் குடுக்காதீங்க. யாரும் எடுத்துக் குடுக்கக் கூடாது. எனக்குத் தெரியும்ங்க. ஒரு நிமிஷம் குடுங்க. ஒரே ஒரு நிமிஷம். தெரியும்.

கொஞ்சம் காலை மடக்குங்க, நான் எந்திரிக்கிறேன். இல்ல, இறங்கல. பரவை கூட இன்னும் வரலைன்னு எனக்கும் தெரியும்.

மாறா வெப்பநிலையில்...

என்ன கண்டக்டரு, என்ன? ஆரப்பாளையம் வர இன்னும் நேரமிருக்கா? அதுக்கென்ன இப்ப? கம்பியப் பிடிச்சுக்கிட்டுத்தானே நிக்கிறேன், உங்களுக்கு என்ன இடைஞ்சல்? ஏங்க, நீங்களும் இழுக்காதீங்க, சேலைய விடுங்க. சீட்டு காலியா இருந்தா இருக்கட்டும்.

சொல்லிட்டு உக்காருறேன்.